முயலின் காற்புண்: மருந்து முதலில் தரைக்கு

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு தாய், மிருக வைத்தியராகிய எனக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் இரண்டு பெண் முயல்கள். கறுப்பி ஊரிலேயே வாங்கிய சாதாரண முயல். பனங்கட்டி மூன்று வயது, கபில நிறம், தடவினால் வெல்வெட் துணிபோல மயிர். மகனுக்காகக் கொழும்பிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தது. பகலில் இரண்டும் பின்விறாந்தைச் சீமெந்துத் தரையில் திரியும். இரவில் அடியில் கம்பிவலை போட்ட கூட்டுக்குள் போகும். "காலையும் பின்னேரமும் கிருமிநாசினி விட்டு விறாந்தையைக் கழுவுகிறேன், ஒரு புழுக்கைகூடக் கிடக்க விடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு மாதத்துக்கு முன் பதினொரு வயது மகன் தரையில் சிவப்பாக ஒரு பொட்டைக் கண்டிருக்கிறான். தூக்கிப் பார்த்தால் பனங்கட்டியின் இரண்டு பின்னங்கால்களிலும் குதிப்பக்கம் மயிர் இல்லை. இடது காலில் புளியங்கொட்டை அளவில் கறுத்த பொருக்கு, நடுவில் வெடிப்பு. கிருமிநாசினி கலந்த சுடுதண்ணீரில் கழுவினார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். பிறகு பாமசியில் தோலுக்கு என்று ஒரு கிறீம் வாங்கிப் பூசினார். மாறவில்லை. அயலில் ஒருவர் தன் பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் குளிசைகளைக் கொடுத்து, பாதியைக் கரைத்துப் பருக்கச் சொல்லியிருக்கிறார். மாமியார் சொல்வது வேறு: "ரெண்டும் ஒரே கூட்டிலதானே கிடக்குது, மற்றதுக்கு ஒண்டுமில்லை. உது பிறவி வருத்தம்." இன்னொருவர் கறியாக்கச் சொன்னாராம். அதைக் கேட்ட பெடியன் அன்றிரவு கூட்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான்.

தொற்றுமா, குளிசை கொடுக்கலாமா, மெத்தென்று துவாய் விரித்தாலும் அதைத் தள்ளிவிட்டு ஏன் சீமெந்திலேயே போய்ப் படுக்கிறது, மயிர் திரும்ப முளைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, அந்தக் குளிசையைக் கொடுக்காமல் முதலில் எழுதிக் கேட்டீர்களே, அதற்கு நன்றி. பனங்கட்டி இன்றைக்கு உயிரோடிருப்பதற்கு அது ஒரு காரணம்.

குளிசையும் கிறீமும்

முயலின் வயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தின்ற புல்லை அங்கே நல்ல நுண்ணுயிர்கள்தான் நொதிக்க வைக்கின்றன. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் அந்த நல்ல கூட்டம் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகும். பிறகு கழிச்சல்; சில நாட்களிலேயே சாவு. மனிதக் குழந்தைக்குப் பாதுகாப்பான மருந்து முயலுக்கு அப்படியல்ல. பென்சிலினைச் சில முயல்களுக்கு நாங்கள் ஊசியாகப் போடுவதுண்டு. அந்த ஊசிமருந்தையே வாயால் கொடுத்தால் ஆபத்து. ஆகவே எந்த அன்ரிபயோட்டிக்கையும் முயலைக் கண்ணால் கண்ட மிருக வைத்தியர்தான் எழுத வேண்டும். மிஞ்சிய குளிசைகளை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம்.

கிறீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதன் பெட்டியைப் பாருங்கள். பீற்றாமெதசோன், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று ஏதாவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அவை ஸ்ரீரொயிட் மருந்துகள். முயலின் உடம்பு அவற்றுக்கு மிகவும் கூச்சப்படும். புண் ஆறுவதைத் தடுக்கும், எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். முயல் காலை நக்கும்போது அது வயிற்றுக்கும் போகிறது. மஞ்சளும் வேப்பிலையும் நஞ்சல்ல. ஆனால் அரைத்த விழுது மயிரோடு ஒட்டிக் காய்ந்து கட்டியாகி, அதன் கீழே ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைத்திருக்கும். அதையும் விட்டுவிடுங்கள்.

ஒரே கூடு, இரண்டு வகைப் பாதம்

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை பனங்கட்டியின் மயிரில் இருக்கிறது.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தின் அடியில் மெத்தை மாதிரித் தடித்த தோல் உண்டு. முயலுக்கு அது இல்லை. அடர்ந்த மயிர்தான் அதன் செருப்பு. நீங்கள் வர்ணித்ததைப் பார்த்தால் பனங்கட்டி ரெக்ஸ் இனம் அல்லது அதன் கலப்பு. மற்ற முயல்களுக்கு மேலே நீண்டு நிற்கும் தடித்த மயிர் ரெக்ஸுக்குக் குட்டையாகி, உள்மயிரின் மட்டத்திலேயே நின்றுவிடும். அந்த வெல்வெட் தன்மை அதனால் வருவது. பாதத்தின் அடியிலும் அதே மெல்லிய மயிர்தான். கறுப்பி சப்பாத்தோடு நிற்கிறது, பனங்கட்டி காலுறையோடு நிற்கிறது. தரை இரண்டுக்கும் ஒன்றே. எனவே மாமியார் சொன்னதில் பாதி சரி: பிறவியில் வந்தது மெல்லிய மயிர். புண்ணைத் தந்தது தரை. கறுப்பியின் பாதத்தையும் விரலால் மயிரை விலத்திப் பாருங்கள். அங்கேயும் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டை இடம் தொடங்கியிருக்கக்கூடும்.

மண்ணில் நிற்கும் முயலின் நகங்கள் மண்ணுக்குள் இறங்கும். பாரம் விரல்களுக்கும் குதிக்கும் பங்காகும். சீமெந்தில் நகம் இறங்காது. விரல்கள் மேலெழும்ப, உடம்பின் பாரம் பின்னால் சரிந்து குதியில் ஒரே இடத்தில் ஊன்றும். கம்பிவலையில் அந்தப் பாரம் ஒரு மெல்லிய கம்பிக் கோட்டில் விழுகிறது. அமுங்கிய இடத்துக்கு இரத்தம் ஓடாது, தோல் செத்துப்போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்கு இடுப்பில் படுக்கைப்புண் வருவதைக் கண்டிருப்பீர்கள். அதே வருத்தம்தான் இது. ஆகவே சொறிபோல ஒரு முயலின் காலிலிருந்து மற்றதற்குத் தொற்றுவதில்லை. புண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம் என்பதால், தொட்ட பிறகு நீங்களும் மகனும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மனம் நோகுமோ என்று யோசித்தேன், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு நேரமும் கழுவுவது பனங்கட்டிக்கு நல்லதாக அமையவில்லை. நாள் முழுக்க உடுப்புத் தோய்த்த விரல் எப்படி ஊறி வெளிறிப் போகிறதோ, அப்படி ஈரத் தரையில் நிற்கும் பாதத்தின் தோல் ஊறும். ஊறிய தோல் சுலபமாக வெடிக்கும். தரையில் தங்கிய கிருமிநாசினி எரிச்சலையும் கொடுக்கும். நீங்கள் அக்கறையினால்தான் கழுவினீர்கள். யாரும் இதைச் சொல்லித் தராதது உங்கள் குற்றமல்ல. உலர்ந்த புழுக்கை நாலு கிடந்தால் முயலுக்கு ஒன்றுமில்லை. ஈரம் கிடக்கக்கூடாது.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே புண்ணோடு ஒரு முயல் வந்தது. மூன்று முறை மருந்து மாற்றினேன். ஆறத் தொடங்கும், திரும்ப வெடிக்கும். நாலாம் முறை அந்த வீட்டுக்கே போனேன். பளபளப்பான மாபிள் தரை. முயல் ஓட எழும்பும்போது பின்னங்கால் வழுக்கி, குதி தரையில் தேய்ந்து, பிறகுதான் பிடித்து எழும்பியது. அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு பன்பாய் மட்டும். அதே பழைய மருந்தோடு அந்தக் கால் ஆறியது.

தரையை மாற்றுவது

கூட்டின் கம்பிவலைக்கு மேலே அளவாக வெட்டிய பலகையை வையுங்கள். அதன் மேல் பன்பாய்த் துண்டு. அதற்கும் மேலே நாலு விரற்கிடை உயரத்துக்கு நன்றாகக் காய்ந்த புல் அல்லது வைக்கோல். பனையோலைப் பாயைத் தனியாகப் போட வேண்டாம், அதன் விளிம்பு கூர். சணல் சாக்கும் வேண்டாம். நகம் நூலில் கொழுவும், நூலைத் தின்றால் குடலில் அடைக்கும். மரத்தூளும் தும்புத்தூளும் புண்ணில் ஒட்டும். போட்டு முடிந்ததும் உங்கள் முழங்காலை அதில் ஒரு நிமிடம் ஊன்றிப் பாருங்கள். சீமெந்தோ பலகையோ முழங்காலில் தட்டுப்பட்டால் பனங்கட்டிக்கும் தட்டுப்படும். இன்னும் புல் போடுங்கள்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். அந்த மூலையில் ஒரு தட்டையான தட்டம் வைத்து, பழைய பத்திரிகைக்கு மேலே புல் போட்டு, நாளுக்கு ஒருமுறை மாற்றினால் மற்ற இடம் காய்ந்திருக்கும். விறாந்தையில் மூத்திரம் பட்ட இடத்தை மட்டும் தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்து உலர விடுங்கள். முழுக்கக் கழுவ வேண்டிய நாளில் முயல்களைக் கூட்டில் விட்டுக் கழுவி, தரை காய்ந்த பிறகு திறந்துவிடுங்கள்.

துவாயைத் தள்ளிவிட்டுச் சீமெந்தில் படுப்பது ஏன் என்று கேட்டீர்கள். சூடு. முயல் எங்களைப்போல் வியர்த்து உடம்பைக் குளிர்விக்காது. பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் சூட்டை விடும். 30 பாகை செல்சியசுக்கு மேல் அதற்குக் கஷ்டம், எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் அதைவிடக் கூட. அந்த நேரத்தில் தடித்த துவாய் அதற்குப் போர்வை மாதிரி, சீமெந்து கிணற்றுத் தண்ணீர் மாதிரி. ஆகவே மெத்தென்ற இடத்தைக் குளிர்ச்சியாகவும் ஆக்கினால்தான் அங்கே படுக்கும். பெரிய பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணியால் சுற்றிப் புல்லில் கிடத்துங்கள். அதோடு ஒட்டிப் படுக்கும். சோளகம் அடிக்கும் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், தண்ணீர் உள்ளே சொட்டாமல். இரண்டொரு நாளில் பழகிவிடும்.

இதைவிட நல்லது மண். மாமரத்து நிழலில் நாலடிக்கு மூன்றடி இடத்தைக் கொத்தி, ஒரு சாண் ஆழத்துக்குச் செம்மண்ணைப் பொலபொலப்பாக்கி, கல்லும் நெருஞ்சி முள்ளும் பொறுக்கி, சுற்றியும் மேலேயும் வலை அடித்து, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். நாய்க்கும் கீரிக்கும் பயம், ஆகவே ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மகன் இருப்பான். புண் திறந்திருக்கும்வரை பனங்கட்டியை மண்ணில் விட வேண்டாம், பொருக்கு விழுந்து தோல் மூடிய பிறகு விடலாம். மாரியில் சேறு, அந்த மாதங்களில் யாரையும் விட வேண்டாம்.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பாணும் பிஸ்கற்றும் வாழைப்பழமும் கரட்டும் விரும்பிச் சாப்பிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் அந்தக் குதிகளில்தான் இறங்குகிறது. பாணையும் பிஸ்கற்றையும் விட்டுவிடுங்கள். பழமும் கரட்டும் கிழமைக்கு இரண்டு சிறு துண்டு போதும். கினிப்புல், அறுகம்புல் எவ்வளவும் தின்னலாம். பெல்லற் தீனி போடுவதானால் ஒரு கிலோ உடம்புக்கு நாளுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். இதை ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு மூன்று கிழமையில் படிப்படியாகக் குறையுங்கள். கொழுத்த முயல் திடீரென்று பட்டினி கிடந்தால் ஈரல் பழுதாகும். ஆட்டுக்கு ஒடிக்கும் இபில்-இபில் குழையைக் கொடுக்கிறீர்களா? அதில் உள்ள ஒரு பொருள் முயலுக்கு மயிரைக் கொட்ட வைக்கும். பனங்கட்டிக்கு இருக்கும் மயிரே போதாது.

நகமும் பாருங்கள். நீண்ட நகம் விரலைத் தூக்கிவிட்டுப் பாரத்தைக் குதிக்குத் தள்ளும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினால் போதும். டோர்ச் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் இரத்தம் ஓடும் இடம் சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள்.

புண்ணைப் பார்ப்பது

தரையில் இருந்துகொண்டு, மடியில் துவாய் விரித்து, முயலின் முதுகு உங்கள் வயிற்றோடு படும்படி பிடியுங்கள். பின்பக்கத்தை எப்போதும் கையால் தாங்குங்கள். மல்லாக்கக் கிடத்த வேண்டாம். ஆடாமல் கிடப்பது பயத்தினால், சுகத்தினால் அல்ல. திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளும். மகன் முன்னால் இருந்து கொத்தமல்லி இலை ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். நீங்கள் ஒரு காலை மெல்ல வெளியே எடுங்கள்.

கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு. இளஞ்சூட்டில் கோஸ் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு பொவிடோன் அயடினை இளம் பிளேன்ரீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒருமுறை ஒற்றி, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். நாளுக்கு ஒருமுறை போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் எதுவும் வேண்டாம், புதிதாக வளரும் தோலை அவை எரிக்கும். முழுக் குளிப்பும் வேண்டாம். பொருக்கைப் பிடுங்காதீர்கள், அது புண்ணின் மூடி. சுற்றியுள்ள மயிரையும் வெட்டாதீர்கள், மிச்சமிருக்கும் மெத்தை அதுதான்.

கட்டுப்போடுவதை நீங்கள் வீட்டில் முயல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இறுகினால் ஒரே இரவில் விரல்கள் வீங்கும், நனைந்தால் உள்ளே அழுகும். வைத்தியர் போட்டுவிட்டால் விரல் நுனிகள் வெளியே தெரிகிறதா, வீங்கியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். இலையான் எங்கள் ஊரில் சும்மா விடாது. ஈரமான புண்ணில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வரும். கூட்டுக்கு மெல்லிய நுளம்புவலை அடித்துவிடுங்கள்.

வைத்தியரிடம் போவது

பனங்கட்டியை ஒருமுறையாவது காட்ட வேண்டும். ஒரு மாதமாகியும் ஆறாத, நடுவில் வெடித்த பொருக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கடிதத்தில் பார்க்க எனக்கு வழியில்லை. முயலின் சீழ் தண்ணீராக ஓடாது. கெட்டித் தயிர்போல, பற்பசைபோல உறைந்து நிற்கும். பிதுக்கினால் வராது, பிதுக்கவும் கூடாது. கிருமி உள்ளே இறங்கினால் தசைநார் இடம் விலகும், எலும்பு பழுதாகும். வைத்தியர் நோவுக்கு மருந்து தருவார். தேவைப்பட்டால் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முயலுக்கு ஒத்துவரும் அன்ரிபயோட்டிக்கைத் தெரிவார். எலும்பு பற்றிச் சந்தேகமானால் எக்ஸ்றே எடுக்கச் சொல்வார். நோவு மருந்து சிறு விடயமல்ல. முயல் கத்தி அழாது. கூனிக் குந்திக்கொண்டிருக்கும், பல்லை நறநறக்கும், சாப்பாடு குறையும், அவ்வளவுதான்.

இந்தக் கிழமைக்குள் போங்கள். ஆனால் வீக்கம், துர்நாற்றம், காலை ஊன்றாமல் தூக்கி வைத்திருத்தல் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே. அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலோ, புழுக்கை சிறுத்து நின்றுவிட்டாலோ இரவென்றும் பார்க்காதீர்கள். குடல் அசைவு நின்றால் காற்புண்ணைவிட அதுதான் முந்திக் கொல்லும். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும், ஆகவே முயல் பார்ப்பார்களா என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். வெயில் ஏறுமுன் ஓட்டோவில் போங்கள். கடகத்தில் துவாய் விரித்து, மேலே மூடி கட்டி, கறுப்பியையும் கூட வையுங்கள். துணை இருந்தால் பயம் குறையும். வெறும் வயிற்றோடு கொண்டுபோக வேண்டியதில்லை. முயலால் சத்தி எடுக்க முடியாது, பட்டினிதான் கெடுதல்.

கறியாக்கச் சொன்னவருக்கு நான் மறுமொழி எழுதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: பராமரித்தால் முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும். பனங்கட்டிக்கு மூன்று. நீங்கள் எழுதியபடி ஓடுகிறது, தின்கிறது. எலும்புவரை போய், எந்த மருந்துக்கும் நோவு அடங்காத முயல்களை வலியில்லாமல் உறங்கவைக்க வேண்டி வந்ததுண்டு. அந்த முடிவு எக்ஸ்றேயைப் பார்த்து எடுப்பது. அயலவர் பேச்சைக் கேட்டு எடுப்பதல்ல. உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை.

ஆற எவ்வளவு நாள்? மேலோட்டமான புண் என்றால் சில கிழமை, ஆழமானால் இரண்டு மூன்று மாதம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ரூபாய்க் குற்றியைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து மகன் படம் எடுக்கட்டும். நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் கிழமைக்குக் கிழமை தெரியும். பொருக்கின் விளிம்பு உள்ளே சுருங்கி, சுற்றி இளஞ்சிவப்புத் தோல் வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

மயிர் முளைக்குமா என்று கேட்டது மகன்தான் என்று நினைக்கிறேன். முழுக்க முளைக்காமல் போகலாம். ரெக்ஸின் குதியில் காய்த்த மொட்டைத் தோல் ஒன்று ஆயுளுக்கும் இருக்கும். அது காய்ந்து, வெடிப்பில்லாமல், சிவக்காமல் இருந்தால் புண் அல்ல. உரிக்கவோ எண்ணெய் பூசி இளக்கவோ வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டால் எனக்கு எழுதட்டும்.